தலைக்கு மேல் நடந்த கீரைக்காரி

என் குரல் சினிமாவில் வரப்போகிறது என்று நான் தெருவுக்கே சொல்லிவிட்டேன். அங்கேதான் தப்பு. வந்த பிறகு சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வாய் நாற்பது வருஷமாகக் கூவியே பழகிய வாய். உள்ளே ஒன்றையும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

நான் பாரிவாக்கத்தில் கீரை விற்கிறவள். விடியும்போது தோட்டத்துக்குப் போய்க் கட்டு வாங்கி, கூடையில் அடுக்கி, ஈரத்துணி போட்டு மூடித் தலையில் ஏற்றினால் ஏழு மணிக்குத் தெருவில் நிற்பேன். தெரு முழுக்க இப்போது நாலு மாடி, ஐந்து மாடிக் கட்டடங்கள். கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கிறார்கள். மாடிகள் எழும்பின வருஷத்தில் என் கூவலை நானே மாற்றிக்கொண்டேன். முதல் பாதி கீழ்வீட்டுக்கு. "மொளக்கீரே, அரக்கீரே, சிறுகீரே!" அப்புறம் முகவாயைத் தூக்கிக் கூவலின் வாலை மேலே விடுவேன். "இப்பப் பறிச்ச கீரே...ய்!" அந்த வால் நாலாவது மாடியில் காய்கிற துணியைத் தொட்டுவிட்டுத்தான் கீழே இறங்கும். தலையில் கூடை இருக்கும்போது முகவாயைத் தூக்குவது எத்தனை கஷ்டம் என்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த நாலாவது மாடிக்குத்தான் அந்தத் தம்பி குடிவந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். சினிமாவுக்குச் சத்தம் சேர்க்கிற வேலை. பாட்டு இல்லை, பேச்சு இல்லை. கதவு சாத்துகிற சத்தம், நாய் குரைக்கிற சத்தம், பஸ் போகிற சத்தம், மழை. இதையெல்லாம் பிடித்துக்கொண்டு வந்து படத்துக்குள் வைக்கிறார். இதற்கு என்று ஒரு ஆள் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. படம் எடுக்கும்போது நாய் தானாகக் குரைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் லுங்கியோடு படியிறங்கி ஓடிவந்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம் நில்லுங்க. இப்பக் கூவுனீங்கல்ல, அதை இன்னொருக்காக் கூவுங்க."

"இன்னாத்துக்கு? கீர வோணும்னா வாங்கு. வேடிக்கைக்கு எல்லாம் கூவமாட்டேன்."

தம்பி சிரித்துவிட்டு இரண்டு கட்டு பொன்னாங்கண்ணி வாங்கினார். வாங்கின பிறகு கூவினேன். எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம், அம்மா என்றாரே, அதுதான். அந்தக் கட்டடத்தில் மற்ற எல்லாரும் என்னை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆயா என்று கூப்பிடுகிறவர்களுக்கு நான் நல்ல கட்டாகப் பொறுக்கித் தரமாட்டேன்.

படத்தின் கதையை அவர் படியில் உட்கார்ந்து சொன்னார். கதாநாயகனைக் கண்ணைக் கட்டி, ஒரு கட்டடத்துக்கு அடியில் கார் நிறுத்துகிற பள்ளத்தில் அடைத்து வைத்துவிடுகிறார்கள். தெரு அவன் தலைக்கு மேலே இருக்கிறது. ஒரு நிமிஷம் திரையில் ஒன்றுமே தெரியாது, கும்மிருட்டு. சத்தம் மட்டும் கேட்கும். அப்போது தலைக்கு மேலே ஒரு கீரைக்காரி கூவிக்கொண்டு போகிறாள். அந்தக் குரலை வைத்துத்தான் தான் எந்தத் தெருவில் கிடக்கிறோம் என்று அவன் கண்டுபிடிக்கிறான்.

"அப்போ அவன் நம்ம கீரய வாங்கித் துன்னு வளந்த புள்ளயா?" என்றேன்.

"ஆமாங்கம்மா. அப்படித்தான் வெச்சுக்கோங்களேன்."

"அப்ப சரி. வரேன்."

கூடவே ஒன்று விளக்கினார். "முன்னெல்லாம் தியேட்டர்ல திரைக்குப் பின்னாடி இருக்கற ஸ்பீக்கர்லதாங்க எல்லாச் சத்தமும் வரும். அப்புறம் பக்கத்துச் செவுத்துல வெச்சாங்க. இப்பக் கூரைலயும் வெக்கறாங்க. எந்தச் சத்தம் எங்க நிக்கோணும், எங்க நடக்கோணும்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா எடம் சொல்லி அனுப்பலாம்."

"அதாவது மின்னாடி கலவக்கீர. எல்லாத்தயும் சேத்து ஒரே கட்டு. இப்ப அரக்கீர தனி, சிறுகீர தனி, எந்த ஊட்டுக்கு எதுன்னு பிரிச்சுக் குடுக்கறாங்க. அதானே?"

தம்பி என்னையே பார்த்தார். "இதை எங்களுக்கு ஒரு வருஷம் பாடமா நடத்துனாங்கம்மா," என்றார்.

வடபழனிப் பக்கம் ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். என் மருமகள் திருமழிசையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். அந்த அறைக்குச் சுவரெல்லாம் மெத்தை. கதவைச் சாத்தினதும் காதுக்குள் பஞ்சை அடைத்தது மாதிரி ஆகிவிட்டது. கொண்டுபோயிருந்த கூடையை எடுத்துத் தலையில் வைத்து, மைக்குக்கு எதிரே நிற்கவைத்து, கூவுங்கள் என்றார்கள்.

எனக்கு வாயே வரவில்லை.

"என்னங்கம்மா, பயமா?"

"பயமா? எனக்கா? கூட வெறுமனே கீதே தம்பி. வெறுங்கூடய வெச்சுகினு எப்படிக் கூவறது?"

இது எங்கள் தொழிலில் கறாரான கட்டுப்பாடு. கூடையில் ஒரு கட்டாவது இருந்தால்தான் கூவ வேண்டும். வெறுங்கூடையோடு கூவினால் மறுநாள் தெருவில் ஒரு கதவும் திறக்காது. கடைசிக் கட்டு விற்றுவிட்டால் நான் வாயைக் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குத் திரும்புவேன்.

தம்பி சரி என்று ஆளை அனுப்பி, பக்கத்துக் கடையிலிருந்து எட்டுக் கட்டு முளைக்கீரை வாங்கிவரச் சொன்னார். வந்தது. எடுத்துப் பார்த்தேன். தண்டு வளைந்து, இலை துவண்டு, முந்தாநாள் பறித்தது. கூடைக்குள் வைத்தேன். மறுபடியும் வாய் வரவில்லை.

"இப்ப என்னங்கம்மா?"

"'இப்பப் பறிச்ச கீர'ன்னு கூவணும். இது எப்பப் பறிச்சதுன்னு இதுக்கே மறந்துபூட்ச்சு. நான் எப்படிக் கூவறது?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மருமகள் என் கையைக் கிள்ளி, "அத்தே, ஒரே ஒரு தபா சும்மா சொல்லிடுங்க அத்தே," என்றாள். நான் அசையவில்லை. என் பொய் இங்கே இருக்கிற நாலு பேரோடு போகுமா? ஊர் ஊராகத் தியேட்டர் தியேட்டராகப் போகும். எல்லா ஊரிலும் துவண்ட கீரையை இப்போது பறித்தது என்று கூவினவள் ஆகிவிடுவேன்.

மறுநாள் விடிவதற்குள் நான் வழக்கமாக வாங்குகிற தோட்டத்துக் கீரையோடு தம்பி வண்டியிலேயே போனோம். பனி காயாத கட்டு. அதைத் தலையில் வைத்ததும் குரல் தானாக வந்துவிட்டது. ஆனால் நின்றுகொண்டு கூவ எனக்குத் தெரியாது. நாலு எட்டு நடந்தால்தான் ஒரு கூவல் வரும். அதனால் அந்த அறையையே சுற்றிச் சுற்றி நடந்தேன். தம்பி ஒரு கழியில் மைக்கைக் கட்டி என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். வளையலைக் கழற்றச் சொன்னார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். மூக்குத்தியைக் கழற்றச் சொல்வார்கள் என்று பார்த்தேன். அது சத்தம் போடாது என்று விட்டுவிட்டார்கள்.

முடிந்ததும் தம்பி சொன்னார்: "உங்க குரல் பின்னாடி இடது மூலைல, மேல ஆரம்பிக்குங்கம்மா. கூரை வழியா நடந்து, முன்னாடி வலது பக்கமாப் போயிரும். ஆனா டைரக்டர் கடைசில வேண்டாம்னுட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. படம் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாம இருந்தா நல்லது."

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

இந்த இடத்தில் மீன்காரியைச் சொல்லியாக வேண்டும். அவளும் நானும் ஒரே வயசு. ஒரே தெருவில் விற்கிறோம். நான் முடித்துத் திரும்பும்போது அவள் உள்ளே வருவாள். அவள் குரலைக் குரல் என்று சொல்லக் கூடாது. ரயில் ஊதல். அவள் "மீனே!" என்றால் எங்கேயோ தூரத்து ஊரான வேப்பம்பட்டில் பூனை எழுந்து உட்காரும். அவளுக்கு ஆற்றாமை. இத்தனை பெரிய குரல் தனக்கு இருக்கும்போது சினிமாக்காரன் என்னைப் பிடித்துக்கொண்டு போனானே என்று.

"இன்னாமே சினிமாக்காரி, படம் எப்ப வருது?" என்று தினம் கேட்பாள். "உன் கொரல மட்டும் வெச்சா போதுமா, உன் மூஞ்சியும் வெப்பாங்களா?"

"மூஞ்ச வெச்சா கதாநாயகி கோச்சுக்குவா. அதான் வேணாம்ட்டேன்."

"அய்ய, பேச்சப் பாரு! வெட்டிருப்பாங்கமே. உன் கொரலு இந்நேரம் குப்பத்தொட்டில கெடக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்கு அன்று முழுக்க எடை சரியில்லாத கூடையைச் சுமந்த மாதிரி இருக்கும். நாற்பது வருஷமாக நான் தெருவில் சொன்ன சொல் எல்லாம் மெய். பறித்தது என்றால் பறித்தது. இந்த ஒரு சொல் பொய்யானால், அப்புறம் நான் இப்போது பறித்த கீரை என்று கூவினாலும் பால்கனியில் நின்று சிரிப்பார்கள்.

படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குப் பதினொரு பொம்பளைகள் கிளம்பினோம். பட்டுப்புடவை கட்டினவளும் உண்டு. மீன்காரி தலைக்குக் குளித்து, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். எங்கள் பக்கத்துப் பழைய தியேட்டர்தான். தம்பி இடது பக்கம் பின்மூலை என்று சொல்லியிருந்தாரே, அதனால் மருமகள் போனில் சரியாக அந்த மூலையைப் பார்த்து டிக்கெட் போட்டிருந்தாள். அந்த மூலையில் எங்களைத் தவிர ஒரு ஆள் இல்லை. படம் ஆரம்பித்ததும் பதினொரு பேரும் திரையை விட்டுவிட்டுப் பின்பக்கம் திரும்பிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாப்கார்ன் விற்கிற ஆள் தட்டோடு வந்தவர், நாங்கள் பார்க்கிற இடத்தை அவரும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

"அங்க ஒரு பல்லிதாமே கீது," என்றாள் மீன்காரி.

"கம்முனு குந்து. வரும்."

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கதாநாயகனின் கண்ணைக் கட்டினார்கள். திரை இருண்டது. நான் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவ்வளவுதான். தியேட்டர் முழுக்க விசில். "டேய் ஆபரேட்டர்! தூங்கிட்டியாடா!" என்று முன்வரிசைப் பையன்கள். நாற்காலியைத் தட்டுகிறார்கள். இதையெல்லாம் தாண்டி என் காதோரத்திலேயே ஒரு ரயில் ஊதியது. மீன்காரி எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, "யோவ்! கரண்டு பூட்ச்சா? படத்தப் போடுயா! துட்டு குட்த்துகினு வந்துகிறோம்!" என்று கூவுகிறாள். அவள் கையைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் தள்ளிவிட்டு இன்னும் ஒரு தரம் கூவினாள். திரைக்குப் பின்னால் எங்கேயோ, கிணற்றுக்குள் விழுந்த தகரடப்பா மாதிரி "...ரே" என்று ஒன்று கேட்டது. அது நானா, நாற்காலி கிரீச்சிட்டதா, சத்தியமாக எனக்கே தெரியாது. வெளிச்சம் வந்துவிட்டது. கதாநாயகன் தெருவைக் கண்டுபிடித்து முடித்திருந்தான்.

படம் முடிந்து பெயர் ஓடும்போது, அதிலாவது என் பெயர் வருமா என்று எழுந்து நின்று பார்த்தேன். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். எல்லாம் இங்கிலீஷ். அதுவும் எறும்பு வரிசை மாதிரி மேலே ஓடுகிறது. துடைப்பத்தோடு வந்த அம்மா, "எழுந்திருங்கமா, அடுத்த ஷோ," என்று விரட்டினாள்.

வெளியே வந்ததும் மீன்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "எங்கமே உன் கொரலு?"

"போச்சு. நீ கத்தினதுல கேக்கல."

"இருட்டானா கத்தாம கொஞ்சுவாங்களா? நீ கூவிருந்தா எனக்குக் கேக்காதா? நாப்பது வருசமா கேட்டுகினு கீறேன், இங்க மட்டும் கேக்காம பூடுமா?"

மற்ற ஒன்பது பேரும் என் முகத்தைப் பார்க்காமல் ஆட்டோவைத் தேடினார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் ஒருத்தி என் தொடையைத் தட்டி, "உடு அக்கா. படம் நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். ஆறுதல்! எனக்கு!

வந்த கையோடு நாலு மாடி ஏறினேன். லிப்ட் இருந்தும் ஏறினேன். தம்பி கதவைத் திறந்ததும் எந்தத் தியேட்டர் என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அங்க இன்னும் கூரை ஸ்பீக்கர் போடலீங்களேம்மா. பக்கத்து ஸ்பீக்கரும் பாதி வேலை செய்யாது. எல்லாச் சத்தமும் முன்னாடி ஒண்ணா வந்துரும்."

"மறுபடியும் கலவக்கீர ஆக்கிட்டாங்களா?"

"ஆமாங்க. நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கோணும்." அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தியேட்டரில் புதுசாகக் கூரையெல்லாம் ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள், வியாழக்கிழமை வரைக்கும்தான் படம் அங்கே ஓடும் என்றார்.

மறுநாள் காலை வியாபாரத்தை முடித்துவிட்டுத் தெருமுனையில் மீன்காரிக்காகக் காத்திருந்தேன்.

"புதன்கெழம மதியானம் அம்பத்தூருக்கு வா. எங்கூட."

"எதுக்கு? ரெண்டாம் தபா ஏமாறவா? எனக்கு வேற வேல இல்ல?"

"என் கொரலு கேக்கலன்னா, ஒரு நாள் காலைல உன் மீன் கூடய நான் தூக்கிகினு, இந்தத் தெரு முழுக்க மீனுன்னு கூவறேன். கேட்டுச்சுன்னா என் கீரக்கூடய நீ தூக்கிக் கூவணும்."

மீன்காரிக்கு முகம் மலர்ந்தது. நான் மீன் கூவுவதை அவள் மனசுக்குள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. "சத்தியமா?"

"என் கீரக்கூட மேல சத்தியம்."

"அப்ப புதன்கெழம நான் மத்தியானச் சோறு கூடத் துன்னாம வரேன்மே!"

பந்தயம் கட்டிவிட்டேனே தவிர, அங்கேயும் பையன்கள் விசில் அடித்தால்? இவள் எழுந்து நின்று ஊதினால்? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கீரை மட்டும் தின்றேன்.

புதன்கிழமை நான், மீன்காரி, மருமகள், மூன்றே பேர். உள்ளே நுழைந்ததும் குளிர். காலடியில் மெத்தை. மீன்காரி அண்ணாந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாமே இது, மேல பொட்டி பொட்டியாத் தொங்குது? வுழுந்தா?"

"வுழாது அத்தே. அதுதான் ஸ்பீக்கரு," என்றாள் மருமகள். என் மருமகளுக்கு அவளும் அத்தைதான்.

"பொட்டிக்குக் கீழ நான் குந்தமாட்டேன்." ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். அண்ணாந்தாள். அங்கேயும் பெட்டி. இன்னொன்று தள்ளினாள். அந்த வரிசை முழுக்கத் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் ஒரு மீசைக்காரர் மடிமேலேயே உட்காரப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். "எங்க போனாலும் மேல ஒண்ணு கீதுமே," என்று முனகிக்கொண்டு என் பக்கத்தில் ஒடுங்கினாள்.

படம் மழையில் ஆரம்பித்தது. போன தடவையும் அதே மழைதான். ஆனால் அன்று திரையில் பெய்தது. இன்று எங்கள் தலையில் பெய்தது. கூரையில் தகரம் போட்டு அதன்மேல் பெய்கிற மாதிரி, முதலில் பின்னால், அப்புறம் நடுவில், அப்புறம் எங்கும். மீன்காரி முந்தானையை இழுத்துத் தலைக்குப் போட்டுக்கொண்டாள். போட்டபிறகுதான் கையைப் பார்த்தாள், காய்ந்திருந்தது. நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். ஒரு காக்கா எங்கள் வலது தோளுக்குப் பின்னால் கத்திவிட்டு இடது பக்கம் பறந்தது. மூன்று பேரும் சேர்ந்து திரும்பினோம். ஆட்டோ ஒன்று எங்கள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனது. எனக்குக் கதை ஒன்றும் ஏறவில்லை. கூரையையே பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். இத்தனை வயசுக்கு நான் பார்க்காத திருவிழா.

அப்புறம் கண்ணைக் கட்டினார்கள். திரை இருண்டது.

முன்னால் ஒருத்தர் விசிலுக்கு உதட்டைக் குவிக்கிற சத்தம் கேட்டது. என் உயிர் என்னிடம் இல்லை. மீன்காரி நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்க்கிறாள்.

அப்போது ஒரு கொசு வந்தது.

நொய்ய் என்று, ஒவ்வொருத்தர் காதோரமும். இருட்டில் பளார் பளார் என்று அடிக்கிற சத்தம். பாதித் தியேட்டர் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டது. மீன்காரி அறைந்துகொண்ட அறையில் எனக்கே காது ரீங்கரித்தது. "சனியனே," என்றாள். "ஏசி போட்டும் கொசு கீதுமே." கொசு தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. அது படத்துக் கொசு என்று எல்லாருக்கும் அப்போதுதான் தெரிந்தது. அங்கங்கே சிரிப்பு. விசிலடிக்க வந்த வாயும் சிரித்துவிட்டது. அப்புறம் எல்லாரும் காதைக் கொடுத்துக்கொண்டு அடங்கினார்கள், அடுத்து எது வரும் என்று.

மேலே, பின்னால், இடது மூலையில், வெறுங்கால் நடக்கிற சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

"மொளக்கீரே, அரக்கீரே, சிறுகீரே!"

என் கை தானாகத் தலைக்குப் போய் இல்லாத கூடையைப் பிடித்தது. குரல் நடந்தது. எங்கள் தலைக்கு நேர் மேலே வந்தது. கூரைக்கு அந்தப் பக்கம் மெய்யாகவே ஒரு தெரு இருக்கிறது, அதில் ஒருத்தி போகிறாள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் அவள் புருஷனிடம், "வெளில கீரைக்காரம்மா வந்திருக்காங்க போல," என்றாள். அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்! நான் பார்த்தேன். இருட்டிலும் அந்தத் தலை திரும்பினதைப் பார்த்தேன்.

"இப்பப் பறிச்ச கீரே...ய்!"

வால் எழும்பி, வலது பக்கம் போய், தெருமுனை திரும்பினது மாதிரி மெல்லத் தேய்ந்தது. மருமகள் என் காதில், "அத்தே, நீங்க மேல நடந்து போறீங்க அத்தே," என்றாள்.

மீன்காரியைத் திரும்பிப் பார்த்தேன். திரையில் வெளிச்சம் வந்துவிட்டது. அவள் கழுத்து இன்னும் வலது மூலைப் பக்கமே திரும்பி நின்றது, வாய் திறந்தபடி. ஒரு மூச்சு விட்டாள். அப்புறம் எழுந்து நின்றாள்.

"ஏ! இவதாங்க! இந்தக் கொரலு இவளுதுதாங்க! எங்க தெருக்காரி!" ரயில் ஊதல் தியேட்டர் முழுக்க. கையால் என் தலையைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறாள். "பாரிவாக்கம்! எங்கூட்டாண்ட!"

"உக்காருங்கம்மா, மறைக்குது," என்று பின்னால் ஒருத்தர்.

"யோவ், நீ கொஞ்சம் குனிஞ்சி பாரு! யாரு குந்திகினு கீறான்னு தெரியுமா உனுக்கு?"

முன்னாலிருந்த பெண் திரும்பி, "நீங்களாம்மா அது?" என்றாள். தலையை ஆட்டினேன். அவள் புருஷன், "ஒரு கட்டு எவ்வளவும்மா?" என்றார். சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவருக்கு விலை சொல்லவில்லை. வாங்காதவர்களுக்கு நான் விலை சொல்வதில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் மீன்காரி டிரைவரில் தொடங்கி எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள். "பின்னால வந்து, மேல ஏறி, அப்படியே என் மண்டமேல நடந்தாங்க! இவ! கொசு வேற!" சொல்லும்போது அவளே என் மாதிரிக் கூவிக் காட்டினாள். பூந்தமல்லி வரும்வரை பந்தய நினைப்பே அவளுக்கு இல்லை. இறங்கும்போதுதான் நான் ஞாபகப்படுத்தினேன். அவள் படியிலேயே நின்றுவிட்டாள். "ஏமே, அது விளையாட்டுக்குச் சொன்னதுதானே?"

"என் கீரக்கூட மேல சத்தியம் பண்ணிகீது."

வியாழக்கிழமை காலை ஏழு மணி. சும்மாட்டை அவள் தலையில் நானே சுற்றி வைத்தேன். கூடையை ஏற்றிவிட்டேன். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தத் தெருவுக்குள் கையை வீசிக்கொண்டு, தலையில் பாரமில்லாமல், மெதுவாகப் பின்னால் நடந்தேன். இரண்டு பக்கமும் அன்று படத்துக்கு வந்த மற்ற ஒன்பது பேரும் வாசலில் நின்றார்கள். மருமகள்தான் முன்னாடியே போன் போட்டுச் சொல்லிவிட்டாளே.

மீன்காரி தொண்டையைச் செருமினாள். வாயைத் திறந்தாள். சொல் கீரைதான். ஆனால் வந்தது அதே பழைய ஊதல். "கீரேஏஏ!"

காம்பவுண்டுச் சுவர்மேலிருந்து இரண்டு பூனைகள் குதித்தன. கார் அடியிலிருந்து ஒன்று. மாடிப்படியிலிருந்து ஒன்று, குட்டியோடு. வாலைத் தூக்கிக்கொண்டு அவள் காலைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒன்று புடவையில் தொற்றப் பார்க்கிறது. "சூ! சூ! கஸ்மாலம்! இது அரக்கீர!" என்று ஒரு காலைத் தூக்கி உதறுகிறாள். கூடை ஆடுகிறது. கூடையைப் பிடிக்கவா, பூனையை விரட்டவா. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிற்று நரம்பு பிடித்துக்கொண்டது. கட்டடத்துக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது மாடியில் கதவு திறந்தது. ஒரு அம்மா அலுமினியச் சட்டியோடு பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா, இன்னைக்கு சீக்கிரமே வந்துட்டே! என்ன மீனு இருக்கு?"

மீன்காரி கூடைக்குக் கீழேயிருந்து முகவாயைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பார்த்தாள். பிறகு தெருவே அதிரும்படி கத்தினாள்.

"சிறுகீர!"